ஹெட்போனில் நின்றுபோன குரல்

போன தை மாதம், பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முற்பகல் நேரம். ஜன்னல் கம்பியைத் தொட்டாலே வெயில் ஏறிவிட்டது தெரிந்தது. ஆனால் என் விரல்கள் மட்டும் சில்லிட்டுப் போயிருந்தன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இதைச் சொன்னதும் சிலர் "அடடா" என்பார்கள். அந்த அடடா எனக்கு வேண்டாம். திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பஸ் ஏறி வேலைக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் பேசுகிறவனைக் குரலை வைத்தே பெயர் சொல்லித் திட்டுகிறேன், காந்தி மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறேன். எழுத்துப் படிப்பதற்கு மட்டும் எனக்குக் கம்ப்யூட்டரின் குரல் வேண்டும். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் அது. கே.கே. நகரில் இருக்கும் என் நண்பன் ஒருவன், அவனும் பார்வையில்லாதவன், வங்கியில் வேலை செய்கிறான், "காசு கொடுத்து வாங்குறதெல்லாம் வேஸ்ட்டுடா" என்று சொல்லி என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இந்த இலவசக் குரலையும் பழக்கிவிட்டான். அது ஆகிவிட்டது பல வருஷம்.

இந்தக் குரலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மெதுவாகப் படிக்க விடுவோம். காது பழகப் பழக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். இன்றைக்கு என் கம்ப்யூட்டர் படிக்கிற வேகத்தைப் பார்வையுள்ளவர்கள் யாராவது கேட்டால், தகரத்தில் கடுகைக் கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரு வார்த்தை புரியாது. எனக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு. மற்றவர்கள் திரையைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், கதவைப் பூட்டுவார்கள். எனக்கு அந்த வேகமே பூட்டு. அதற்கு மேல் ஹெட்போனும் போட்டுக்கொள்வேன். காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன்.

அன்றைக்கு எனக்கு இரண்டு பூட்டும் தேவைப்பட்டது. கழுத்தின் வலது பக்கம், தாடைக்குக் கீழே, மார்கழி மாதத்தில் ஒரு கட்டி தென்பட்டது. ஷேவ் செய்யும்போது விரலில் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சின்னப் புளியங்கொட்டை அளவு இருந்தது, கொஞ்ச நாளில் இலந்தைப்பழம் ஆனது. தாடை மறைத்ததால் பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு எதையும் தொட்டுத்தானே தெரியும்? தூங்கி எழுந்ததும் கை தானாக அங்கே போகும். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே போகும். போன இடத்தில் அது இருக்கும்.

என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் அதற்கு முந்தைய வருஷம்தான் புற்றுநோயில் போனார். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள்தான் கிடந்தாள். அவர் போன பிறகு பல நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் அந்த நோயின் பெயரையே நாங்கள் சொல்வதில்லை. டிவியில் விளம்பரத்தில் வந்தால் கூட எழுந்து போய்விடுவாள். அவளிடம் போய், "இங்கே தொட்டுப் பாரு" என்று எப்படிச் சொல்வது?

துறைக் கூட்டம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, கல்லூரியிலிருந்து ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல சார், ஊசி வச்சு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, உதவி டாக்டரிடம் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். தணிந்த குரலில் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லிம்ஃபோமா. அது என்ன என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. நெரிகட்டியில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய்.

அந்த ஊசியின் முடிவுதான் அந்தச் சனிக்கிழமை காலையில் மெயிலில் வந்தது. டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். அதுவரை பொறுக்க என்னால் முடியவில்லை. போனில் திறந்தால் அது "படம்" என்றதோடு நிறுத்திக்கொண்டது. பரிசோதனைக் கூடத்தில் காகிதத்தைப் போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற வசதி என் கம்ப்யூட்டரில்தான் சரியாக வேலை செய்யும். முகம் தெரியாத யாரிடமாவது போன் கேமராவில் காட்டிப் படிக்கச் சொல்கிற வழியும் உண்டு. இந்த விஷயத்தை ஒரு அந்நியர் குரலில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் நானும் அவளும் மட்டும். மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர், அன்றைக்கு அவளுக்கும் லீவு. எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னறை, நடு அறை, ஒரு நடை, அதைத் தாண்டிக் கடைசியில் சமையலறை. அவள் அங்கே இருந்தாள். நான் கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் பேசியது. மெயிலைத் திறந்தேன். படத்தை எடுத்து எழுத்தாக மாற்றக் கொடுத்தேன். மாறி முடிந்தது என்று சொன்னது. கோபுரம் இருக்கிற திசையில் ஒரு தடவை திரும்பினேன். நான் அப்படியொன்றும் பக்திமான் இல்லை, அன்றைக்கு இருந்தேன். முழுவதும் படிக்கச் சொல்கிற பட்டனை அழுத்தினேன்.

என் பெயரைப் படித்தது. வயதைப் படித்தது. நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. சத்தமே இல்லை. ஹெட்போனுக்குள் ஒரு சின்ன இரைச்சல் கூட இல்லை.

கரண்ட் போனால் உங்களுக்கு எப்படியோ, அப்படித்தான் எனக்குச் சத்தம் போனால். அதிலும் இது எப்படிப்பட்ட நேரம்! எனக்கு என்ன நோய் என்று எழுதிய பக்கம் இரண்டடி தூரத்தில் பளிச்சென்று திறந்து கிடக்கிறது. யார் வந்து நின்றாலும் படித்துவிடலாம். நான் ஒருவன்தான் படிக்க முடியாது. கதவைத் திறந்துகொண்டு அவள் காபி கொண்டுவந்துவிட்டால்? மானிட்டரின் பட்டனை அணைக்கலாம் என்று கை போனது. அணைத்தால் இன்னும் ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயந்து திரும்ப எடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் முட்டாள்தனம். பயத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன். ஒலியைக் கூட்டுகிற பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். படிக்கச் சொல்கிற பட்டனை அழுத்துவேன், கொஞ்ச நேரம் காத்திருப்பேன், பொறுமை போய் வேறு எதையாவது அழுத்துவேன், திரும்பவும் ஆரம்பத்திலிருந்து படிக்கச் சொல்வேன். எத்தனை தடவை என்று தெரியாது. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். சூடான காற்று வந்துகொண்டிருந்தது. உயிரோடுதான் இருக்கிறது, என்னிடம்தான் பேச மாட்டேன் என்கிறது.

அப்போது எனக்கு வந்த எண்ணத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்தச் செய்தி எனக்குத் தெரிய வேண்டாம் என்று யாரோ குரலை நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றியது. வரலாறு படித்தவன், மூடநம்பிக்கை கூடாது என்று வகுப்பில் நீட்டி முழக்குகிறவன், வியர்த்துப்போய் அப்படி நினைத்தேன். கெட்ட செய்தியாக இருந்தால்தானே மறைப்பார்கள்? கை தானாகக் கழுத்துக்குப் போனது. கட்டி அங்கேயேதான் இருந்தது, அன்றைக்கு இன்னும் பெரிதாகிவிட்ட மாதிரி.

கடைசியாக இன்னொரு தடவை படிக்கச் சொல்லி அழுத்திவிட்டு, நண்பனைக் கூப்பிடலாம் என்று போனைத் தேடினேன். மேஜையிலிருந்து அது கீழே விழுந்திருந்தது. மண்டியிட்டு, தரையெல்லாம் துழாவி, ஸ்டூலுக்கு அடியில் கண்டுபிடித்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்திவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

"சொல்றா" என்றான்.

"கம்ப்யூட்டர்ல சவுண்ட் போயிடுச்சுடா. படிச்சிட்டு இருக்கும்போதே கப்புன்னு நின்னுடுச்சு."

"ரீஸ்டார்ட் பண்ணேன்."

"முடியாதுடா. ஒரு பேப்பரை எழுத்தா மாத்தி வச்சிருக்கேன், சேவ் பண்ணல. போயிடும்."

"என்ன பேப்பரு, அவ்ளோ அவசரமா?"

"காலேஜ் பேப்பர்."

"உன் குரலே சரியில்லையே" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. எங்களுக்குள் அது ஒரு வழக்கம். குரலில் எல்லாம் தெரிந்துவிடும், அதனாலேயே கேட்காமல் விடுவோம்.

கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கிற ஜன்னலைத் திறக்கச் சொன்னான். திறந்ததா இல்லையா என்று தெரியாமலே திறந்தேன். ஒலியை நிறுத்தி மறுபடி தொடங்குகிற கட்டளையை அவன் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் எழுத்து எழுத்தாக அடித்தேன். எஸ், ஒய், எஸ், டி. சாதாரண நாளில் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் திருப்பிச் சொல்லும். அன்றைக்குக் கிணற்றில் கல் போட்ட மாதிரி இருந்தது. நடுவில் விரல் தவறிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். என்டர் தட்டினேன்.

"என்ன, வந்துச்சா?"

"இல்லடா."

"ஒரு நிமிஷம் இரு. எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு, சத்தமும் போயிட்டுதான் இருக்குன்னு தோணுது. உன் ஹெட்போனுக்கு வராம வேற எங்கயோ போவுது. டிவி ஏதாவது சொருகியிருக்கியா?"

"இல்ல."

"மானிட்டர்ல ஸ்பீக்கர் உண்டா?"

"கிடையாது."

"ப்ளூடூத்ல எதையாவது சேர்த்து வச்சியா? அதெல்லாம் ஆன் பண்ண உடனே தானா வந்து ஒட்டிக்கும். நம்மகிட்ட கேக்காது."

எனக்கு அப்போதுதான் சமையலறை அலமாரி நினைவுக்கு வந்தது.

மார்கழி மாதம் முழுவதும் காலையில் இணையத்தில் ஒருவர் உபன்யாசம் சொன்னார். சமையல் செய்துகொண்டே கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எங்கள் தெருவில் மார்கழி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு அதுதானே. ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி, இந்தக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, சமையலறை அலமாரியில் நான்தான் வைத்துக் கொடுத்தேன். காலையில் நான் இங்கே உபன்யாசத்தைப் போட்டால் அவளுக்கு அங்கே கேட்கும். தை பிறந்ததும் உபன்யாசம் முடிந்தது, ஸ்பீக்கரும் அலமாரியில் தூங்கியது. நான் அதை மறந்தே போனேன்.

"அப்புறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டேன். ஹெட்போனைக் கழற்றினேன்.

கதவைத் திறந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அது சரியான அமைதி இல்லை. அந்த நேரத்தில் குக்கர் விசில் அடிக்க வேண்டும், கரண்டி சத்தம் கேட்க வேண்டும், குழாய் ஓட வேண்டும். எதுவுமே இல்லை. அடுப்பு எரிகிற சின்ன இரைச்சல் கூட இல்லை. நடு அறையைத் தாண்டி நடைக்கு வந்தேன். இருபது வருஷமாக நடக்கிற நடை, அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வழியில் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஸ்பீக்கரில் வந்திருந்தால்தான் என்ன? அது என் வேகம். அவளுக்கு ஒரு எழுத்துக் கூடப் புரிந்திருக்காது. கடுகு கொட்டுகிற சத்தம்தான் கேட்டிருக்கும். ஏதோ காலேஜ் சமாச்சாரம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். பூட்டு பத்திரமாகத்தான் இருக்கிறது.

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். மூச்சு கேட்டது.

"என்ன பண்ற?" என்றேன்.

"பாட்டு கேக்கலாம்னு ஸ்பீக்கரைப் போட்டேன்" என்றாள். "பாட்டு வரல."

"கம்ப்யூட்டர் அதுல ஒட்டிக்கிச்சு போலிருக்கு. காலேஜ் விஷயம் ஒண்ணு படிச்சிட்டு இருந்தேன்…"

ஈரக்கை ஒன்று என் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. தேடவில்லை, தடவவில்லை. நேராக வலது தாடைக்குக் கீழே இறங்கி, அந்தக் கட்டியின் மேல் வந்து நின்றது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயம் அடுத்த நொடியில் வந்தது. அவளுக்குத் தெரியும், எனக்கு இன்னும் தெரியாது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது இப்போது அவள் வாயில் இருக்கிறது. கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெட்டது என்றுதான் வந்தது.

"கேன்சர் இல்லைங்க" என்றாள்.

நான் அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"டிபி மாதிரி இருக்குன்னு போட்டிருக்கு. நெரிகட்டில வர்ற டிபி. மாத்திரை சாப்ட்டா சரியாயிடும்னு இப்பதான் போன்ல தேடிப் பார்த்தேன். புற்றுநோய்க்கு அறிகுறி இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு. ரெண்டு எடத்துல எழுதியிருக்கு."

அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மடியில் எதையோ வைத்தாள். ஸ்பீக்கர். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு நேரமும் அதைக் கையிலேயே பிடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்துக் காதோரம் வைத்துக் கேட்டிருக்கிறாள்.

"உனக்கு எப்படி அது புரிஞ்சுது?" என்றேன். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"ஏன் புரியாது?"

"அந்த வேகத்துல யாருக்குமே புரியாதே."

"கல்யாணம் ஆன புதுசுல உங்ககிட்ட ஹெட்போன் ஏது? நான் இந்தப் பக்கம் உக்காந்து பேப்பர் திருத்துவேன், அந்தப் பக்கம் அது கத்திக்கிட்டே இருக்கும். அப்ப மெதுவாத்தானே பேசுச்சு. நீங்க கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனீங்க, என் காதும் கூடவே ஏறிடுச்சு. ஹெட்போன் வாங்குற வரைக்கும் எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்!"

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லையே."

அவளுக்குத் தெரியாமல் வாங்குவதாக நினைத்து நான் வாங்கிய புடவைகள், அவள் அம்மாவைப் பற்றி நண்பனுக்கு எழுதிய புலம்பல் மெயில்கள், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு புடவைக்கும் "அய்யோ, எப்ப வாங்குனீங்க?" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள். என்ன நடிப்பு! வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு அவள் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முடிவு அந்தக் காகிதத்தின் கடைசியில்தான் இருந்தது. முதல் பாதியில் டாக்டரின் சந்தேகத்தை எழுதியிருந்தார்கள். அந்த வார்த்தை, கேள்விக்குறியோடு. நான் படிக்கச் சொல்லி அழுத்துவேன். சமையலறையில் அது என் பெயரைச் சொல்லும், வயதைச் சொல்லும், கழுத்தில் வலது பக்கம் கட்டி என்று சொல்லும், லிம்ஃபோமாவா என்று சந்தேகம் என்று சொல்லும். அதற்குள் எனக்குப் பொறுமை போய் வேறு எதையாவது அழுத்திவிடுவேன். நின்றுவிடும். மறுபடி பெயர், வயது, கழுத்து, சந்தேகம். நின்றுவிடும்.

"உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நீங்களும் அங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்கன்னு நெனச்சேன். அந்த வார்த்தை வந்ததும் மேல கேக்கப் பயந்துக்கிட்டு நிறுத்திடுறீங்க, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கிறீங்கன்னு நெனச்சேன். நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்கன்னு இங்க நின்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டு இருந்தேன்."

"ஓடி வந்திருக்கலாமே."

"கால் வரலைங்க. அண்ணனுக்கும் இப்படித்தான், டாக்டர் ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொல்லும்போது பாதியில நிறுத்துனாரு. அப்புறம் அவரு சொன்னது எதுவும் நல்லதா இல்ல."

நான் போனைத் தேடித் தரையில் துழாவிய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், என் விரல் பட்டன்களை விட்டு விலகியிருந்ததால்தான், அது கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறது. அதன் பிறகு எஸ், ஒய், எஸ், டி என்று எழுத்து எழுத்தாக ஸ்பீக்கரில் வந்தபோதுதான் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நான் சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வரக் கிளம்பியிருக்கிறாள். அதற்குள் நானே போய் நின்றுவிட்டேன்.

அதற்கப்புறம் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனதற்கு, துறைக் கூட்டம் என்று சொன்னதற்கு, ஊசி குத்திய கழுத்தோடு அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறிப் பையைச் சுமந்து வந்ததற்கு. திட்டிக்கொண்டே அழுதாள். அவள் அண்ணன் போனபோது கூட என் எதிரில் அவள் அப்படி அழுதது கிடையாது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்க்கத்தான் உதவாது, அழுவதற்கு என் கண் நன்றாகவே வேலை செய்கிறது. அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது, ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். காகிதத்தில் இருந்ததையே அவரும் சொன்னார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கட்டி இலந்தைப்பழத்திலிருந்து புளியங்கொட்டைக்கு இறங்கி, பிறகு விரலுக்கு அகப்படாமலே போய்விட்டது. நண்பனிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் என்னைத் திட்டினான். கடைசியில், "நான்தான் சொன்னேனே, சத்தம் எங்கேயோ போவுதுன்னு" என்று பெருமையடித்துக்கொண்டான். அந்த ஸ்பீக்கரின் இணைப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

இப்போதும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, குரல் வர ஒரு நொடி தாமதமானால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அப்படி ஆகும்போது நான் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சமையலறை இருக்கும் திசையில் காதைத் திருப்புகிறேன், ஏனென்றால் நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்ததையெல்லாம் வருஷக்கணக்காக ஒரு வார்த்தை விடாமல் கேட்ட ஒருத்தி அங்கே நிற்கிறாள்.